கெட்ட கட்டி இல்லை

பல் டாக்டர் இருதயநாதன் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, வள்ளிக்கண்ணு இறந்துபோன கணவன் ராமரின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியில் சிவப்பு இன்னும் பரவுவதுபோல் இருந்தது. செத்த பிறகும் ரத்தம் வருமா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

ராமருக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. ஈறில் ரத்தம் கசியும். தாடை சற்று வீங்கியிருந்தது. நேற்றுக் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறித் தென்னூருக்குப் போனார்கள். இருதயநாதன் வீக்கத்தின்மேல் விரல் வைத்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே ஏதோ துடிக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாருங்கள் என்றார். ராமரும் எழுந்துவிட்டார். அவள்தான் விடவில்லை. ஆடுகிற பல்தானே, மனுஷன் தூங்கியே பல நாளாச்சு, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினாள்.

பல் வந்தது. பின்னாலேயே ரத்தம், குழாயைத் திறந்துவிட்டதுபோல். பல் இருந்த குழியில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தபடியே இருதயநாதன் ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிவரை வந்தார்.

சாயங்காலம் எல்லாம் முடிந்தபின் பெரிய டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். தாடை எலும்புக்குள் ரத்தக்குழாய்கள் கூடுபோலப் பின்னிக் கிடந்திருக்கின்றன, மிக அபூர்வம். முதலில் ஊசி குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கழுத்தில் ரத்தக்குழாயைக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. புற்றுநோய் இல்லை, கெட்ட கட்டியே இல்லை.

கெட்டது இல்லையென்றால் ஏன் போனார்? அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ராமரின் அண்ணன் ஆண்டி எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஒரு பல்லுக்கு ஆளையே அனுப்பிட்டீங்களே. புடுங்கியே ஆவணும்னு யாரு அவசரப்பட்டது?"

எல்லோரும் திரும்பினார்கள். வள்ளிக்கண்ணுவின் கை நின்றது. இனி இந்த வீட்டில், இந்த முகங்களுக்கு நடுவில்தான் அவள் இருந்தாக வேண்டும்.

இருதயநாதன் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"நான்தாங்க. படம் எடுக்காம கை வச்சது என் தப்பு. அவங்க என்னை நம்பி உக்காந்தாங்க, அவ்வளவுதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரங்கா, இந்த மனுஷன் ஏன் இப்படிச் சொல்கிறார்?

ஆண்டி உள்ளே திரும்பினார். வாய்க்கரிசிக்கு நேரமாகியிருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக, தாடைக்கட்டைப் பிரிக்க மனமில்லாமல், துணியின்மேலேயே அரிசியைப் போட்டு நகர்ந்தார்கள். கடைசியில் வள்ளிக்கண்ணு தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அவரு எதுக்கும்மா?" என்றார் ஆண்டி. "சொந்தக்காரங்க போடுறது."

"டாக்டர் அண்ணனும் போடட்டும் மாமா."

ஆண்டி அவளைப் பார்த்தார். பிறகு வழிவிட்டு ஒதுங்கினார்.

இருதயநாதன் உள்ளே வந்து, எந்தக் கையால் போடுவது என்று தெரியாமல் நின்றார். அவள் தட்டை இன்னும் கொஞ்சம் அருகே நீட்டினாள்.