கேட் வரைக்கும்

வாய்க்கரிசி போட அள்ளிய அரிசி வலது கையில் இருக்கும்போது பிரவீனாவின் கைப்பேசி அடித்தது. இடது கையால் எடுத்தாள். ஜோகூர் பாருவிலுள்ள ஸ்காட்லாந்து உணவகத்திலிருந்து ஒரு பெண், நாளை மாலை ஏழு மணிக்கு மூன்று பேர், அப்பாவுக்குப் பிறந்தநாள், உறுதிதானே என்று கேட்டாள். பிரவீனா பெட்டிக்குள் கிடந்த அப்பாவைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு.

"ஆமா, வர்றோம்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அரிசியைப் போட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அப்பா திருச்செல்வம் பதினோரு வருஷம் தொழிற்சாலை பஸ்ஸில் அந்த உணவகத்தைத் தாண்டி வேலைக்குப் போனவர். வாசலில் கட்டம்போட்ட பாவாடையோடு ஒரு ஆள் பையைக் கக்கத்தில் இடுக்கிக் குழல் ஊதுவது அவருக்குப் பெரிய வேடிக்கை. அறுபதாவது பிறந்தநாளுக்கு அங்கேதான் சாப்பாடு, தானும் கைலியிலேயே வரப்போவதாக ஒரு மாதமாக வீட்டில் ஒரே அலம்பல். மாரடைப்பு இரண்டு நாள் முந்திக்கொண்டது.

வேனில் பெட்டியை ஏற்றியதும் பெரியப்பா ஐயாசாமி கையை நீட்டி மறித்தார்.

"பொம்பளைங்க கேட்டோட நில்லுங்க."

அம்மா கஸ்தூரி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் வருவேன் என்று சொல்ல பிரவீனாவுக்கு வாய் வரை வந்தது. கடைசிவரை கூடப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குள் வேன் முனை திரும்பிவிட்டது.

மறுநாள் ஆண்கள் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். சாயங்காலம் பிரவீனா அந்த அழைப்பைப் பற்றி அம்மாவிடம் சொன்னாள். ரத்து செய்துவிடுவதாகவும் சொன்னாள்.

"வேணாம், போலாம்," என்றாள் அம்மா. "அவரு சட்டைய அயர்ன் பண்ணி மாட்டி வச்சாரு, அப்படியே தொங்குது."

துக்க வீட்டார் வெளியே சாப்பிடப் போனால் ஊர் சும்மா விடுமா? பெரியப்பாவிடம் பிரஷர் மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

சுவரில் கொம்புள்ள மான் தலை. மேசையில் சிவப்புக் கட்டம்போட்ட துணி. கறி கூடாது என்பதால் சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் வாங்கினார்கள். அம்மா மூன்று கரண்டி சாப்பிட்டாள். இரண்டு நாளில் அதுதான் முதல் சாப்பாடு.

பிறந்தநாள்காரர் குழல்காரருக்குப் பின்னால் வாசல் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து கேக் வெட்டுவது அங்கே வழக்கமாம். அங்கிள் எங்கே என்று பணிப்பெண் கேட்டாள். அவர் வரவில்லை, ஊத வேண்டாம் என்று பிரவீனா சொல்வதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"ஊதச் சொல்லு. நான் நடக்கிறேன்."

பாவாடை கட்டிய மலாய்க்காரர் ஊதிக்கொண்டே முன்னால் போனார். வெள்ளைப் புடவையில் அம்மா பின்னால் நடந்தாள். மற்ற மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். கண்ணாடிக் கதவருகே அவர் வழக்கம்போலத் திரும்பினார். அம்மா திரும்பவில்லை. பிரவீனா முன்னே போய்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், ஊதுவதையும் நிறுத்தாமல் வெளியே இறங்கினார். கார்களுக்கு நடுவே மூவரும் நடந்தார்கள். கேட் வந்தது. அம்மா அதையும் தாண்டினாள், பிரவீனாவும் தாண்டினாள்.

சாலையோரத்தில் அவர் குழலை வாயிலிருந்து எடுத்தார். பையிலிருந்த மிச்சக் காற்று முனகிக்கொண்டே இறங்கியது. அது முழுதாக அடங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.