நீளக் கொம்பும் குட்டைக் கொம்பும்

முந்நூற்றுப் பன்னிரண்டாவது கொம்பை அளந்து முடித்தபோது ரோஹிணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேராசிரியர் வேங்கடாசலம் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் புளுகியிருக்கிறார்.

ரோஹிணி விஜயபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் ஆராய்ச்சி செய்பவள். அவள் பார்ப்பதெல்லாம் பாசி. அதுவும் செத்து ஆறு கோடி வருஷமான கடல் பாசி. காலம் சரியில்லை என்று தெரிந்தால் அந்த ஒற்றைச் செல் உயிர் கெட்டியாகக் கூடு கட்டிக்கொண்டு கடலடியில் போய்ப் படுத்துவிடும். நிலைமை சரியானதும் முதுகுப் பக்கம் ஒரு ஜன்னலைத் தள்ளித் திறந்துகொண்டு கிளம்பிவிடும். காலிக்கூடு சேற்றோடு போய்க் கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். கல்லை ஆசிட்டில் கரைத்தால் கூடு மிஞ்சும். ரோஹிணி பார்த்த கூட்டுக்குத் தலையில் ஒரு கொம்பு, அடியில் இரண்டு. கொம்பு எவ்வளவு நீளம், ஜன்னலுக்கு எத்தனை மூலை என்று பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள்.

வேங்கடாசலம் ஒரே கட்டுரையில் இரண்டு புது இனங்களை அறிவித்திருந்தார். அடியில் வலக்கொம்பு நீளமாக இருந்தால் அதற்கு மனைவி சுந்தராம்பாளின் பெயர். குட்டையாக இருந்தால் மனைவியின் அக்கா பொன்னியம்மாளின் பெயர். ரோஹிணி அளந்ததிலோ நீளம், சுமாரான நீளம், இரண்டுங்கெட்டான், குட்டை, படு குட்டை என்று எல்லாமே வரிசையாக இருந்தன. வெட்டிப் பிரிக்க எங்கேயும் இடமில்லை. எல்லாம் ஒரே இனம்.

"சாரு ரிட்டையர் ஆயிட்டாரு, மரியாதைக்கு நீயே போய்ச் சொல்லிடும்மா" என்று அவளுடைய கைடு சந்தியா மேடம் நழுவிக்கொண்டார்.

அலிபிரி போகிற வழியில் பேராசிரியரின் வீடு. ஹாலில் சாமி படங்களுக்கு நடுவே கொம்பு முளைத்த கூட்டின் படம் ஒன்று ஃப்ரேமுக்குள் இருந்தது. ரோஹிணி தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டவர், சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. இனம் ஒண்ணுதான் இருந்துச்சு. வீட்ல ரெண்டு பேர் இருந்தாங்க. கல்யாணமான புதுசுல நாலு வருஷம் சித்தூர்ல அவங்க அக்கா வீட்லதான் துன்னுக்கினு இருந்தோம். இவ பேரை மட்டும் வெச்சா விடுவாங்களா? இருபது மைக்ரான்ல ஒரு கோடு போட்டேன். மேல இவ, கீழ அவங்க."

சமையலறையில் மிக்ஸி சட்டென்று நின்றது. சுந்தராம்பாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இப்ப யார் பேரு நிக்கும்?"

"ரெண்டும் ஒரே நாள்ல வந்த பேரு ஆன்ட்டி. அதனால, ரெண்டையும் முதல்ல ஒண்ணா சேர்க்கிறவங்க எதைச் சொல்றாங்களோ அதுதான் நிக்கும். அப்புறம் உலகம் பூரா அதைத்தான் எழுதணும்."

"சேர்க்கிறது யாரு?"

"நான்தான்."

தன் வீட்டில் என்ன குழம்பு என்று முடிவு செய்கிற அதிகாரம்கூட ரோஹிணிக்குக் கிடையாது. சுந்தராம்பாள் அவளை உட்காரவைத்து வடை சுட்டுப் போட்டாள். ஏழாவது வடையில் ரோஹிணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

சுந்தராம்பாளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டு, "உன் பேரு போவப்போவுது" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு எழுபத்தொரு வயசு பொன்னியம்மாள், பங்காருபாளையம் மாம்பழக் கூடையோடு துறை வாசலில் வந்து இறங்கினாள். பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் தங்கையும் தங்கை புருஷனும்.

"பொண்ணே, என்னைக் காட்டு. நான் பார்க்கணும்" என்றாள் பொன்னியம்மாள்.

பெயர் வைக்கும்போது, இதுதான் அது என்று ஒரே ஒரு கூட்டை அடையாளமாக எடுத்து வைத்தாக வேண்டும். அந்த இரண்டு ஸ்லைடுகளும் அலமாரியில் இருந்தன. ரோஹிணி முதலில் பொன்னியம்மாளை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். மூன்று கொம்பும் முழுசாக, ஆறுமூலை ஜன்னல் திறந்து, தேன் நிறத்தில் கூடு மின்னியது.

"நல்லாத்தாண்டி கீறேன்!"

அடுத்து சுந்தராம்பாள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏம்மா, சரியா வெக்கலியா?"

"சரியாதான் வெச்சிருக்கேன் ஆன்ட்டி."

கூடு குப்புறக் கிடந்தது. நடுவில் மடிந்து, தலைக்கொம்பு முறிந்து, மிதிபட்ட அப்பளம் மாதிரி. ஜன்னல் இருந்த இடமே தெரியவில்லை. நீளமாக அந்த ஒரு கொம்பு மட்டும் உருப்படி. வீட்டில் மாட்டியிருந்தது இதைப் பார்த்து வேங்கடாசலம் கையால் வரைந்த படம். எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்து வரைந்திருக்கிறார்.

சுந்தராம்பாள் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "நூத்துக்கணக்குல கெடந்துதே. எனக்குன்னு எடுக்கசொல்ல இதுதானா உங்க கண்ணுல பட்டுச்சு?"

"அதுக்குத்தான் சுந்தரா இருக்கறதுலயே கொம்பு நீளம்..."

"கொம்பு!"

சிரித்துக்கொண்டிருந்த பொன்னியம்மாள், தங்கையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "சரே போனி, போனாப் போவுது, வாடி. கொஞ்ச நாள் சித்தூர்ல வந்து இரு. இந்தாளு கேன்டீன்ல துன்னட்டும்" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேங்கடாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். "என்ன பண்ணப்போற?"

"ஜன்னலே தெரியாத கூட்டை எப்படி சார் வெச்சுக்கிறது? பொன்னியம்மாள்தான்."

"கரெக்ட்" என்றார் அவர். பிறகு ஒரு மாம்பழத்தை எடுத்துக் கையில் உருட்டினார். "இருபத்தாறு வருஷமா எவனாச்சும் கண்டுபிடிச்சிருவான்னு பயந்துக்கினே இருந்தேன்மா. ஒருத்தன்கூட படிக்கல."

ரோஹிணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, தன் கட்டுரையை மட்டும் யார் படிக்கப்போகிறார்கள் என்ற யோசனையும் வந்தது.

சுந்தராம்பாள் பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தாள். ஹாலில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டு அங்கே கடிகாரம் மாட்டினாள்.

எட்டு மாதம் கழித்துக் கட்டுரை வெளியானது. இந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு ரோஹிணி ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: இரண்டில் பொன்னியம்மாளே சிதையாமல், நல்ல நிலையில் இருக்கிறாள்.

அந்த வாரமே சித்தூரிலிருந்து போன் வந்தது. "மருமவ படிச்சுச் சொன்னாம்மா. முப்பது ஜெராக்ஸ் போட்டுத் தெருவுக்கே குடுத்துட்டேன்" என்றாள் பொன்னியம்மாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "மூட்டுவலியப் பத்தி ஒண்ணும் எழுதிடலியே?"