ஆறு மெத்தைகளும் ஒரு மொட்டைக் கடிதமும்

1

இந்தக் கதை எனக்குக் கழுத்தில் கிடைத்தது. வலது காதுக்குக் கீழே வரிசையாக நான்கு தடிப்புகள். இரவு வேலையை விட்டு நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூட்டைப்பூச்சி என்று நினைத்துப் பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டேன். மறுநாள் ஏழு தடிப்புகள். என் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி, கீழ்வீட்டுத் தையலக்காவின் கோழிக்கூடு இருந்தது. கதை ஏறி வந்த வழி அதுதான்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

அந்தி சாயும் வேளையில் வானம் செந்நிறமாக—
(வேண்டாம். கோழிக்கூட்டுக்கு எதற்கு வானம்.)

கோழிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. அது—
(பள்ளிக்கூடக் கட்டுரை.)

பதினொரு கோழிகளும் கூட்டுக்குள் போகமாட்டேன் என்றன.
(இது பரவாயில்லை. நடந்ததும் இதுதான்.)

2

பதினொரு கோழிகளும் கூட்டுக்குள் போகமாட்டேன் என்றன. வெளிச்சம் குறைந்ததும் சொல்லாமலே வரிசையாக ஏறிப் போகிறவை, அந்த வாரம் துணி காயப்போடும் கம்பியிலும் தண்ணீர்த் தொட்டி விளிம்பிலும் போய் உட்கார்ந்துகொண்டன. தையலக்கா ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளினாள். இரண்டாவதைத் தள்ளுவதற்குள் முதலாவது வெளியே வந்து அவளையே பார்த்தது.

(நேரில் பேசும்போது ‘நீங்க’, கதையில் ‘அவள்’. எழுதுகிறவன் தானே எடுத்துக்கொள்கிற சலுகை.)

கொண்டைகள் வெளிறியிருந்தன. நாளுக்கு ஏழு முட்டை என்றிருந்தது இரண்டுக்கு வந்துவிட்டது. லைனிங், ஜிப்பு, காஜா, பாபின் என்று கோழிகளுக்கு அவள் தன் தொழிலிலிருந்தே பெயர் வைத்திருந்தாள். மற்ற ஏழுக்கும் பெயர் உண்டு. கதைக்கு நான்கு போதும்.

முதலில் லைனிங்கைத் தலைகீழாகப் பிடித்து வாலடியில் இறகை விலக்கிப் பார்த்தாள். வைக்கோல் நிறத்தில் பேன்கள் ஓடின. இறகின் வேரில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. மருந்துத் தூள் வாங்கிவந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பதினொன்றுக்கும் இறக்கையடியிலும் வாலடியிலும் விரலால் தேய்த்துவிட்டாள். ஐந்தாம் நாள் பார்த்தபோது பேனைக் காணோம். கொண்டையில் மட்டும் நிறம் திரும்பவில்லை. கோழிகளும் கம்பியை விட்டு இறங்கவில்லை.

அப்போதுதான் நாத்தனார் வாய் திறந்தாள். பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு பின்னறையில் தங்கியிருந்தவள். குழந்தையின் தொடையில் தடிப்பு.

“தப்பா நினைக்காதீங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறம் ஒண்ணு கோழி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

தையலக்கா மெஷினை மிதித்தாள். தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

3

இந்த நாத்தனார் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. கதையில் கோழி பிடிக்காத ஆள் ஒன்று வேண்டியிருந்தது. மாமியார் என்றால் பழைய சரக்கு, அதனால் நாத்தனாரைக் கூப்பிட்டேன். கையில் குழந்தையைக் கொடுத்ததும் அவள் பக்கம் நியாயம் சேர்ந்துவிட்டது. இவளைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

புதன்கிழமை தையலக்கா லைனிங்கைத் துணிப்பையில், தலை மட்டும் வெளியே தெரிய வைத்து, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா கொண்டையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். ரத்தம் குறைந்திருக்கிறது என்றார். பேனுக்குத்தான் மருந்து போட்டாயிற்றே என்று தையலக்கா கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்.

“பேனு கோழி மேலயே குடியிருக்கும்மா. இது உண்ணி. ராத்திரி வந்து ரத்தம் குடிச்சிட்டு, விடியிறதுக்குள்ள இடுக்குல போய் ஒளிஞ்சுக்கும்.* நீங்க கோழிக்கு மருந்து போட்டீங்க. கூட்டுக்குப் போட்டீங்களா?”

*கடுகில் பாதிகூட இருக்காது. பசியில் சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. கோழி கிடைக்காவிட்டால் மாடி ஏறும்.

வியாழக்கிழமை கூட்டைக் காலி செய்து கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். கூட்டுக்கான மருந்தின் பாட்டிலோடு படியேறி என்னிடம் வந்தாள். பகலில் வீட்டில் இருக்கிற, கண்ணாடி போடாத ஒரே ஆள் நான்.

“தம்பி, இந்தப் பொடி எழுத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்று படித்துச் சொன்னேன். முட்டைக்குள் இருக்கும் உண்ணி மருந்துக்குச் சாகாது, அது பொரிந்து வரும்போது அடிக்க ஏழாம் நாள் மறுபடி போட வேண்டும், குறிப்பிட்ட நாள் வரை கோழிமுட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் இருந்தது. மறந்துவிடாமல் இருக்க அவள் எடுத்துவந்த சுவர் காலண்டரில் அந்தத் தேதிகளுக்கு நேராக எழுதிக் கொடுத்தேன். மருந்தைப் பிரஷ்ஷால் தொட்டு, பலகை இடுக்கு, ஆணி ஓட்டை, கதவின் கீல் என்று ஒன்று விடாமல் பூசினாள்.

வெள்ளிக்கிழமையும் கோழிகள் கம்பியில்தான் உட்கார்ந்திருந்தன.

4

இங்கே நிறுத்துகிறேன். நாத்தனார் கிடையாது.

தையலக்காவின் கணவர் லாரியோட்டி. வாரக்கணக்கில் வெளியூர். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கைக்குழந்தையும் நான் வைத்ததுதான். தடிப்பு என் கழுத்தில் மட்டும்தான். கீழே இறங்கி, ‘அக்கா, உங்க கூட்டுல இருந்து பூச்சி வருது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படிகள் பதினான்கு. நான் இறங்கவில்லை. வாடகை வாங்குகிற வீட்டுக்காரருக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். ‘இப்படிக்கு, பாதிக்கப்பட்ட ஒருவன்.’ நான் எழுதியவற்றில், ஒருவர் கடைசி வரி வரை படித்ததும் உடனே காரியம் நடந்ததும் அந்த ஒன்றில்தான்.

வீட்டுக்காரர் கடிதத்தைத் தையலக்காவின் கையிலேயே கொடுத்தார். ஞாயிறு சாயங்காலம் வந்து பார்ப்பதாகவும், பூச்சி இருந்தால் கோழிகள் போக வேண்டும், கோழிகள் போகாவிட்டால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் சொல்லிவைக்க, கறிக்கடைக்காரர் கோழிகளை எடுத்துப்போகத் திங்கள் காலை கூடை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. காலண்டருக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தி மாட்டினாள்.

நான் தேதி எழுதிக் கொடுத்தேனே, அந்தக் காலண்டர்.

ஆகவே இரண்டாம் பகுதியில் நாத்தனார் வரும் இடத்தில் என்னை வைத்துப் படியுங்கள். எழுதும்போது என் குற்றத்தை ஒரு பெண்ணின் தலையில் கட்டியது சுலபமாக இருந்தது. இப்போது அவளை அனுப்பியபிறகு மூச்சு விட முடிகிறது.

5

சனிக்கிழமை. வெள்ளைத் துணியால், கூட்டுக்குள் கோழிகள் உட்காரும் கம்பைத் துடைத்தாள். உண்ணி நசுங்கினால் சிவப்பாகத் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். துணி வெள்ளையாகவே வந்தது. பலகையைத் துடைத்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. பிறகு எங்கேதான் இருக்கிறது?

முட்டையிட ஆறு பெட்டிகள். எல்லோரும் அதில் வைக்கோலைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். இவள் தையல்காரி. வெட்டித் தள்ளிய துணிகளில் பெட்டிக்கு ஒன்றாக ஆறு குட்டி மெத்தைகள் தைத்து, ஓரம் மடித்து, சுற்றிலும் துணிப்பட்டையை மடித்துப் பைப்பிங் வைத்திருந்தாள். ஜாக்கெட் கழுத்துக்குக்கூட அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. வியாழக்கிழமை அவற்றையும் துவைத்தாள், பச்சைத் தண்ணீரில். காயப்போட்டது நிழலில். வெயிலில் போட்டால் சாயம் போய்விடும். இருபது வருடக் கைப்பழக்கம் கோழி மெத்தை என்று பார்க்கவில்லை.

அதில் ஒன்றின் பைப்பிங் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. தைத்துவிடலாம் என்று எடுத்து மடியில் வைத்தாள். பழைய நூலைப் பிளேடால் பிரித்தாள். மடிப்பு திறந்தது. உள்ளே மிளகாய்த்தூள் கொட்டியதுபோல் இருந்தது. தூள் நகர்ந்தது.

என் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். இறங்கிப் போனேன்.

“ஊரெல்லாம் தேடினேன் தம்பி. நானே பைப்பிங் வச்சு வீடு கட்டிக் குடுத்திருக்கேன்.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து அவள் சொன்னது:

“எந்தத் தையலைப் பாத்தாலும் யார் கைனு எனக்குத் தெரிஞ்சிடும். இது என் கைதான். வேற யாரையும் சொல்ல முடியாது.”

ஆறு மெத்தைகளையும் தகர டப்பாவில் போட்டு எரித்தோம். பெட்டிகளில் மருந்து பூசி, காய்ந்ததும் மரச்சீவல் பரப்பினோம். அதை வாரம் ஒருமுறை மாற்றிவிடலாம். மடியில் இருந்தவை மேலே ஏறாமல் இருக்க அவள் சேலையைக் கொதிநீரில் முக்கினாள். சாயம் போனது. போகட்டும் என்றாள்.

6

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். தையலக்கா அவர் கையில் ஒரு முழம் வெள்ளை லைனிங் துணியைக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் துடைத்துப் பாருங்கள் என்றாள். மனிதர் சளைக்கவில்லை. முட்டி போட்டு, பெட்டிக்குள் தலையை விட்டு, கதவு இடுக்கு வரை துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணியில் மரத்தூள் மட்டும்தான்.

அவர் நின்றுகொண்டிருக்கும்போதே காஜா கம்பியிலிருந்து குதித்தது. கூட்டு வாசலில் நின்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். உள்ளே ஏறியது. பிறகு பாபின். அடுத்து ஜிப்பு, பின்னாலேயே மற்ற ஏழும். கடைசியாக லைனிங், வாடகை கொடுத்த ஆள் மாதிரி நிதானமாக.

“சரி, இருக்கட்டும்,” என்றார் வீட்டுக்காரர். துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

தையலக்கா தண்ணீர்த் தொட்டி விளிம்பில், கோழிகள் உட்கார்ந்த அதே இடத்தில், உட்கார்ந்துவிட்டாள். கறிக்கடைக்காரருக்குப் போன் செய்து கூடை வேண்டாம் என்றாள். போனை வைத்தபிறகும் அதையே இன்னொரு முறை தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

7

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஏழாம் நாள் மறுபடி மருந்து போட்டோம். நான் கோழிகளைப் பிடித்துக்கொண்டேன். கொண்டைகள் சிவந்தன. என் கழுத்தும் ஆறிவிட்டது. காலண்டரில் நான் குறித்த தேதி கழிந்த மறுநாள், தையலக்கா நான்கு முட்டைகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

“அந்தக் கடுதாசி எழுதினவரு நல்லா இருக்கட்டும் தம்பி. அது வரலேன்னா நான் இன்னும் பேனுக்கே தூள் போட்டுட்டு இருப்பேன்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

முடிவு ஒன்று: அவளுக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

முடிவு இரண்டு: கடிதமும் காலண்டரும் பத்து நாளுக்கு மேலாக அவள் மெஷினுக்கு எதிரில், ஒரே சுவரில், அருகருகே தொங்குகின்றன. என் ‘ழ’வுக்கு வால் நீளம். இரண்டிலும் நீளம். எந்தத் தையலும் யார் கை என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

முடிவு மூன்று: நான் பதினான்கு படி இறங்கி—

(இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதி அடித்துவிட்டேன்.)

முட்டைகள் மேசையில் இருக்கின்றன. கீழே மெஷின் ஓடுகிறது. மூன்றில் எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள்.