அடியில் எழுதிய இரண்டு

...மூன்று என்றுதானே எழுதியிருக்க வேண்டும், எப்படி இரண்டு வந்தது, மறுபடி வெள்ளைப் பலகையைப் பார்த்தேன், FeCl₃ + NaOH → Fe(OH)₂ + NaCl, ஆமாம், OH-க்கு அடியில் இரண்டுதான், என் கையெழுத்துதான்... இதை யாராலும் சமன் செய்ய முடியாது, இந்தப் பக்கம் மூன்று குளோரின், அதற்கு மூன்று சோடியம் வேண்டும், சோடியத்தோடு மூன்று OH வந்துவிடும், அந்தப் பக்கமோ இரண்டுக்குத்தான் இடம், எதைப் போட்டாலும் ஒன்று மிஞ்சும்... பலகை முன் நிற்கும் பாண்டிச்செல்வி எண்ணைப் போடுகிறாள், விரலால் அழிக்கிறாள், வேறு போடுகிறாள், கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் மேலாளர் ஹேமந்த் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கத் தேர்வு வைத்துவிட்டுக் கேள்வியையே தப்பாக எழுதினேன் என்றால் அசிங்கம் யாருக்கு?

போன மாதமும் இவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார், முலாம் பூசும் பிரிவின் கழிவுநீரில் இரும்பைப் படிய வைக்க எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும் என்று கேட்டார், நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் தொட்டி கழுவ வந்த இவள் அளவைச் சொல்லிவிட்டாள், "எழில், உங்க சீட்ல இந்தப் பொண்ணையே உக்கார வெச்சிடலாம் போலக்கீதே," என்றார் அவர், எல்லோரும் சிரித்தார்கள், இவளும் வாயைப் பொத்திக்கொண்டு... கேன்டீனில் ஒருநாள் சொன்னாள், இந்த மாதத்தோடு காண்ட்ராக்ட் முடியுதுக்கா, ஊருக்குப் போனா பீடிதான் சுத்தணும், எனக்குப் புகையிலைத் தூசி ஆகாது, மூச்சு இழுக்கும்... எனக்கென்ன, நான் இழுக்கச் சொன்னேனா?

"அக்கா, சரியாவ மாட்டேங்கு... கேள்வி சரியாத்தான் இருக்கா?"

"இன்னா, தெரியலன்னா கேள்வி தப்பா?" என் குரல் எனக்கே இனித்தது.

அவள் காது சிவந்தது, பிறகு பலகையைத் தொடவேயில்லை, ஹேமந்த் தாளில் சுழியம் போட்டார், "தொட்டி வேலைக்குக் கை போதும், லேபுக்கு மூளை வேணும்மா," அவள் தலையாட்டினாள், கதவருகே போனாள். "நீங்க போட்டுக் காட்டுங்க எழில்." எழுந்தேன், உள்ளங்கையால் இரண்டைத் துடைத்து மூன்று எழுதினேன், NaOH-க்கு முன் ஒரு மூன்று, NaCl-க்கு முன் ஒரு மூன்று, முடிந்தது, "இவ்ளோதானா!" என்றார், அவர் கண் போனில் இருந்தது. பாண்டிச்செல்வியின் கண் பலகையில் இருந்தது. அவள் பார்த்தாள், நான் துடைத்ததை, எழுதியதை, எல்லாவற்றையும்... சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன், "வாரேன்க்கா," என்றாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, நல்லவளா, இல்லை, பயம், என்மேல் பயம்... இதுவரை யாரும் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை, வீட்டில் கூட. அடுத்து யாரு, என்று ஹேமந்த் கேட்டார், மாரிமுத்துவாம், வரட்டும்... மார்க்கரைக் கையில் எடுத்தேன், இந்த முறை கை தவறாது, தவறாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் போன முறை மட்டும் தவறியதா என்ன?