அண்ணியின் கத்தரிக்கோல்

அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வைரஸ் புகுந்து ஆளைப் புரட்டிப் போட்ட காய்ச்சல். பிழைத்துக்கொண்டாய், மிச்சம் மெதுவாகத்தான் சரியாகும் என்றார் டாக்டர். அந்த மிச்சம் யார் காதில் விழுந்தது? பார்த்தவர்களெல்லாம் ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய் என்றார்கள். மத்தியானமானால் தலை விண்விண்ணென்று தெறிப்பதும் வெளிச்சம் கண்ணைக் குத்துவதும் வெளியே தெரிகிற சங்கதியா என்ன?

குடும்பத் தையற்கடையில் துணி வெட்டுவது அண்ணி, தைப்பது நாத்தனார். காலையில் வெட்டிவிட்டு, மறுநாளைக்கானதைச் சாக்பீஸால் வரைந்து வைத்து, பின்னறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவாள் அண்ணி. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டித் தொலைத்தாள். சிரித்து மழுப்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு காலையில் வந்து பார்த்தால் கோடுகளில் கோணல். கழுத்து அரை அங்குலம் இறங்கியிருக்கும், தோள் குறுகியிருக்கும். இதையா நேற்று வரைந்தோம்? யாரிடமும் மூச்சுவிடாமல் திருத்தி வெட்டிவிடுவாள். இருபது வருஷக் கை. அதுவும் போய்விட்டால் தனக்கென்று என்ன இருக்கிறது?

இன்று ஒரே துணியில் மூன்று தப்பு. கத்தரிக்கோலைக் கொண்டுபோய் நாத்தனாரின் மிஷின்மேல் வைத்தாள்.

"இனி நீயே வெட்டும்மா. என் மூளை போச்சு. நேத்து நான் போட்ட கோடு இன்னைக்கு எனக்கே புரியல."

நாத்தனார் அழுதுவிட்டாள்.

"அது உங்க கோடே இல்ல அண்ணி. அன்னைக்கு அந்த ரெண்டு கையைப் பார்த்து பயந்துட்டேன். தினமும் நீங்க படுத்ததும் நான்தான் திருத்திக்கிட்டிருந்தேன்."

அண்ணிக்கு வந்ததே கோபம்! தைக்க மட்டும் தெரிந்தவள் திருத்த வந்த லட்சணத்தைப் பார் என்று வாய்க்கு வந்தபடி வைதாள். வைதுகொண்டே அழுதாள். இத்தனை நாளும் தினம் தினம் செத்துப் பிழைத்தது வீணாயிற்றே என்று ஆத்திரம், கை போகவில்லை என்று நிம்மதி, இரண்டும் சேர்ந்து வந்த அழுகை. தலை மட்டும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

"எனக்கும் தப்பு வரும், இல்லைங்கல. வந்தா என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. திட்டுவேன். திட்டினாலும் சொல்லு."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "அப்போ ஒண்ணு சொல்லவா? இந்தப் பை நீங்க குறிச்சதுதான்."

அண்ணி குனிந்து பார்த்தாள். இடப்பக்கம் வரவேண்டிய சட்டைப்பைக் கோடு வலப்பக்கம் இருந்தது. திட்ட வாயெடுத்தவள், பெருமூச்சு விட்டாள்.

"அழிச்சுடு," என்றாள். "நானே போடுறேன்."