ஸ்லிப்பில் இருந்த கையெழுத்து

நாகஜோதிக்குக் கையெழுத்து அழகு. பிளஸ் டூ படித்தவள். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வேலம்பாளையத்துக்குப் பிழைக்க வந்து, பனியன் கம்பெனி பேக்கிங் மேசையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அதில்தான் பெருமை. அந்தப் பெருமையே அவளுக்கு வினையாகவும் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்குள்ளும் ஒரு ஸ்லிப் வைக்க வேண்டும். எத்தனை பனியன், என்ன சைஸ், பெட்டியைக் கட்டியது யார் என்று அதில் இருக்கும். எண்ணிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்பது சட்டம். சட்டத்தை யார் பார்த்தார்கள்? கன்டெய்னர் வாசலில் வந்து நிற்கும் நாளில் மேனேஜர் அருள்குமாரே வந்து, "கண்ணு, காலையிலயே ஒரு நூறு ஸ்லிப்புக்குக் கையெழுத்துப் போட்டு வெச்சுருங்க, சாயங்காலம் இழுக்காது" என்பார். எழுதத் தெரியாத மயிலாத்தாள் அக்காவுக்கும் சேர்த்து நாகஜோதியே போட்டுக் கொடுப்பாள். மிச்ச ஸ்லிப்புகள் மேசை டிராயரில் கிடக்கும். டிராயருக்குப் பூட்டு கிடையாது.

அப்படி ஒரு ஸ்லிப் கடல் கடந்து போய், ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் பெட்டியோடு பிடிபட்டது. மேலே பனியன், அடியில் போதைக்கு விழுங்குகிற வலி மாத்திரை. அந்த நாட்டு அரசாங்கம் நம் அரசாங்கத்துக்கு எழுத, நம்மவர்கள் பதில் எழுத, கூட்டு நடவடிக்கை என்று பெயர் வைத்து இரண்டு பேரும் ஆறு மாதம் மலையைக் கெல்லினார்கள். மாத்திரையை அடுக்கினவன், நாசமாய்ப் போகிறவன், எங்கேயோ நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அகப்பட்டது எலிதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு அதிகாரிகள் பேக்கிங் மேசை முன்னால் வந்து நின்று ஒரு போட்டோவை நீட்டினார்கள்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார். ஆனா அந்தப் பெட்டிய நான் கட்டல. வெறும் ஸ்லிப்புல முன்னாடியே போட்டு வச்சிருவோம். மேனேஜர் சாரைக் கேளுங்க."

கேட்டார்கள். அருள்குமார் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அப்படியொரு பழக்கம் நம்ம கம்பெனீல இல்லீங்க. எண்ணிப் பாத்துத்தான் கையெழுத்து வாங்கறமுங்க."

உண்மையைச் சொன்னால் வெளிநாட்டு ஆர்டர் போய்விடும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும், எட்டு வருஷம் இந்த மனுஷனுக்காகத்தானே விரல் வலிக்கப் போட்டோம் என்று நினைத்தாள்.

மயிலாத்தாள் மட்டும் முன்னால் வந்தாள். "ஏனுங்க, அந்தப் புள்ள சொல்றது நெசந்தானுங்க. எனக்கும் அதுதான் போட்டுக் குடுக்கும்."

"அடுத்தவங்க கையெழுத்தையும் இவளே போடுவாளா?" என்று கேட்டு அதையும் அதிகாரி குறித்துக்கொண்டார். மயிலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அதிகாரிகள் தங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. அங்கே டிவியில் இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் போதை ஒழிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர் தாளைப் புரட்டி இடத்தைக் காட்டக் காட்ட, போட்டுக்கொண்டே போனார்கள். ஒருவரும் படிக்கவில்லை. பிறகு கை குலுக்கினார்கள்.

அதிகாரி நாலு வெள்ளைத் தாளை அவள் முன் வைத்தார். "அடியில கையெழுத்துப் போடும்மா. வாக்குமூலத்தை நாங்க டைப் பண்ணிக்கறோம். அஞ்சு மணிக்குள்ள அந்த நாட்டுக்கு அனுப்பணும். போட்டுட்டா நீ வீட்டுக்குப் போகலாம்."

நாலரைக்கு மகள் அபிராமி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள். ஏழாவது படிக்கிற பிள்ளை, தகப்பன் இல்லை. வீட்டுச் சாவி நாகஜோதியின் இடுப்பில் இருந்தது. ஆனாலும் கை நீளவில்லை.

"எழுதிக் குடுங்க சார், படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்" என்றாள்.

"பெட்டியப் பாத்துட்டா கையெழுத்துப் போட்ட?"

அவள் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நாலு தாளிலும் போட்டாள்.

ஐந்து மணிக்குத் தகவல் கடல் தாண்டிப் போனது. அவளை விடவில்லை. "சாவிய மட்டுமாவது எம்புள்ளைக்குக் குடுத்து அனுப்புங்க சார், வாசல்ல நிக்கும்" என்று கெஞ்சினாள். உடம்பைச் சோதித்தபோது எடுத்தாயிற்று, கைப்பற்றிய பொருளில் ஏறிவிட்டது, தர முடியாது என்று சொல்லிப் பட்டியலைக் காட்டினார்கள். அவள் போட்டுக் கொடுத்த நாலு வெள்ளைத் தாளில் ஒன்றில்தான் அதை டைப் அடித்திருந்தார்கள். வீட்டுச் சாவி, ஒன்று. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து அழகாக இருந்தது.