கழுதையார் எழுதிக்கொண்டது

பேருந்து காணாமல் போன பதினோராம் நாள், அதன் முன்கண்ணாடி ஓரம் கட்டிவைத்திருந்த துணிக் கழுதையிடமிருந்து சுற்றுலா அலுவலகத்துக்கு முதல் அட்டை வந்தது. மின்சார அலுவலகத்தின் அறிவிப்புக்கும் ஒரு நாற்காலிக் கடையின் விளம்பரத்துக்கும் நடுவே, மற்றத் தபால்களைப் போலவே வந்தது. முன்பக்கத்தில் ஒரு கடற்கரை. பின்பக்கத்தில், பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதியதுபோல் பெரிய பெரிய எழுத்துகள்: "கழுதையார் எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் நலம். இந்த ஊரில் கடல் காலையில் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது, மீதி நேரமெல்லாம் மணல்தான். நாலாம் இருக்கைக்காரரின் தொப்பியை நான் தின்றுவிட்டேன், அவர் காற்றைத் திட்டிக்கொண்டிருக்கிறார். வழிகாட்டி தலைகளை எண்ணினார். ஒன்று குறைகிறது. அதனால் அடுத்த ஊருக்குப் போய்ப் பார்க்கிறோம்." அன்றைக்கும் நாற்பது பேர் மலைப்பாதையின் பள்ளங்களில் கயிறு கட்டி இறங்கிப் பேருந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காவல் அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தபால்தலையில் இருந்த தேசம் எதுவென்று தபால்காரருக்கே தெரியவில்லை. ஆனால் முத்திரை ஒழுங்காக விழுந்திருந்தது, அதனால் கொடுத்துவிட்டேன் என்றார்.

அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் கழுதைதான் சின்னம். "உங்கள் சுமை எங்கள் முதுகில்" என்று பேருந்தின் பக்கவாட்டில் எழுதி, கறுப்புக் கண்ணாடி போட்ட கழுதை ஒன்றை வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு பயணத்திலும் துணிக் கழுதை முன்னால் உட்கார்ந்து போகும். அது எழுதுவதுபோல் நாளுக்கொரு அட்டை எழுதி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது வழிகாட்டியின் வேலை. அட்டையை வாசல் கண்ணாடியில் ஒட்டிவைப்பார்கள், வீட்டில் இருப்பவர்கள் வந்து படித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். யார் பெயரையும் போடக்கூடாது, இருக்கை எண்தான் போடவேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. வழிகாட்டியின் கையெழுத்து பொடியாக, இடப்பக்கம் சாய்ந்து இருக்கும். காணாமல் போனபின் வந்த அட்டைகளில் ஒன்றுகூட அவர் கையெழுத்தில் இல்லை. அதை முதலில் பார்த்துச் சொன்னவள் அவருடைய மனைவி.

அவளும் அதே அலுவலகத்தில்தான் இருந்தாள். பயணிகளின் பட்டியலைத் தட்டச்சு செய்வது அவள் வேலை என்பதால் எல்லோரும் அவளைப் பட்டியலக்கா என்று கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்த முதலாளி உட்பட. கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி எடுப்பாள். ஒன்று இரும்பு அலமாரிக்குப் போகும், இன்னொன்று வழிகாட்டியின் சட்டைப்பைக்குப் போகும். யாராவது வரவில்லை என்றால் இரண்டு பிரதியிலும் சிவப்புப் பென்சிலால் அந்தப் பெயரை அடிக்க வேண்டும். வண்டி கிளம்பிவிட்டிருந்தால் அவள் இங்கே அடித்துவிட்டு, அடுத்த விடுதிக்குப் போன் செய்து அங்கேயும் அடிக்கச் சொல்வாள். வழிகாட்டிக்குப் பட்டியல்தான் வேதம். இரண்டு விரலால் இருக்கைகளின் தலைப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை, பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை எண்ணுவார். எண்ணிக்கை சேராமல் வண்டி நகராது. ஒருமுறை அருங்காட்சியகத்தில் தூங்கிப்போன ஒரு பெரியவருக்காக நாலு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார். வீட்டைப் பூட்டும்போதுகூட தன் நெஞ்சைத் தொட்டு "ஒண்ணு", அவள் தோளைத் தொட்டு "ரெண்டு" என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவார். வீட்டில் இருப்பதே ரெண்டு பேர், இதில் என்ன எண்ணிக்கை வேண்டிக்கிடக்கிறது என்று அவள் கேலி செய்வாள்.

ஊர் ஊராக ஆட்களை ஏற்றி அனுப்பியவள் எந்த ஊருக்கும் போனதில்லை. அடுத்த தடவை, அடுத்த தடவை என்று பத்து வருடம் போயிற்று. கடைசியில் முதலாளி விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் கான்வாஸ் காலணி ஒன்று வாங்கினாள். இருபத்திரண்டு பெயர்களில் பதினேழாவதாகத் தன் பெயரைத் தானே தட்டச்சு செய்தாள். பச்சைப் பையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தும் விட்டாள். அந்த நேரம் முதலாளி ஓடிவந்து, போன் எடுக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல், மூன்று நாளைக்கு ஆள் இல்லை என்றார். அவள் இறங்கினாள். பை மேலேயே இருந்துவிட்டது. வழிகாட்டியின் முகம் சுருங்கிப்போயிற்று. "நீங்க போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்" என்றாள் அவள். இத்தனை வருட வேலையில் எண்ணிக்கை குறைந்தும் அவர் வண்டியை எடுக்கச் சொன்னது அந்த ஒரு முறைதான். மறுநாள் மாலை முதல் விடுதியிலிருந்து போன் செய்தார். "வரியா?" என்றார். "வரேன்" என்றாள். அதற்குமேல் பேச விடாமல் அடுத்த போன் மணி அடித்தது. அதற்கடுத்த நாள் மலைப்பாதையின் ஏழாவது வளைவுக்கும் எட்டாவது வளைவுக்கும் நடுவே பேருந்து இல்லாமல் போயிற்று. ஏழாவது வளைவில் இருந்த டீக்கடைக்காரர் அது போனதைப் பார்த்தார். எட்டாவது வளைவில் இருந்த சாலைப் பணியாளர்கள் அது வந்ததைப் பார்க்கவில்லை.

ஒன்பது வருடம் அட்டைகள் வந்தன. மழைக்காலத்தில் வாரம் ஒன்று, வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டுகூட. எல்லா அட்டையும் ஜன்னலோரத்தில் கிடந்த பொருள்போல் லேசாகச் சூடாக இருக்கும். காதில் வைத்தால் எங்கோ என்ஜின் ஓடும் சத்தம் கேட்கும். கழுதையாருக்குக் குறும்பு குறையவே இல்லை. விடுதிக்காரனின் மீசையை உறக்கத்தில் மேய்ந்துவிட்டதாக எழுதும். ஓர் ஊரில் நிழல்களெல்லாம் ஆட்களுக்கு முன்பே அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டன, தன் நிழல் மட்டும் நல்ல கட்டிலைப் பிடித்துவிட்டது என்று பீற்றிக்கொள்ளும். இன்னோர் ஊரில் வீடுகள் அத்தனையும் திறந்து கிடந்தன, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, ஆள் மட்டும் இல்லை, யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஏழு வீட்டுப் பாலையும் குடித்தேன் என்று எழுதியது. ஐந்தாம் ஆறாம் இருக்கைகள் புதிதாகக் கல்யாணமானவர்கள், இன்னும் சண்டை போடவில்லை. ஒன்பதும் பத்தும் வயதானவர்கள், சண்டையை நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு அட்டையும் ஒரே மாதிரி முடிந்தது. வழிகாட்டி எண்ணினார், ஒன்று குறைகிறது, அடுத்த ஊருக்குப் போகிறோம்.

முதல் வருடம் அந்த வரி எல்லோரையும் தின்றது. குறைவது தன் வீட்டு ஆளோ என்று ஒவ்வொரு குடும்பமும் வாசல் கண்ணாடியின் முன்னால் வந்து நின்றது. பிறகு ஒவ்வொரு எண்ணாக அட்டையில் வர வர, அந்தந்த வீட்டார் மூச்சு விட்டார்கள். இருபத்தோரு எண்களும் வந்தன. பதினேழு வரவில்லை. அந்த இருக்கையில் யாரும் இல்லை என்பது அலுவலகத்துக்கே தெரிந்த விஷயம், அதனால் யாரும் அதைத் தேடவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அலமாரியில் இருக்கும் பிரதியில் பதினேழாம் பெயர் இன்னும் அடிக்கப்படாமல் இருப்பது. ஆயிரம் பெயர்களை அடித்த கை அது. அன்றைக்கு நாளை போகலாம் என்றிருந்தாள், அடிக்கவில்லை. பிறகு அடிக்க மனம் வரவில்லை. அடித்தால், வரவில்லை என்று அவரிடம் சொன்னதாகிவிடும். அடிக்காதவரை அவர் எங்கோ இரண்டு விரலால் இருக்கைகளைத் தொட்டு எண்ணிக்கொண்டிருப்பார், எண்ணி முடிக்கும்போதெல்லாம் அவளை நினைப்பார். இதற்காக இருபத்தோரு பேர் வீடு திரும்பாமல் சுற்றுகிறார்களோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். முதலாளி புதுப் பேருந்து வாங்கினார், புதுத் துணிக் கழுதையும் தைத்தார். அது தினமும் காலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதையும் பழகிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் வருடம் வந்த அட்டையில் இப்படி இருந்தது: "கழுதையார் எழுதிக்கொண்டது. இன்று சும்மா இருக்கப் பிடிக்காமல் பதினேழாம் இருக்கைக்கு மேலே இருந்த பச்சைப் பையைத் திறந்தேன். ஒரு சீப்பு, ஒரு துண்டு, போடாத கான்வாஸ் காலணி. போட்டுப் பார்த்தேன். எனக்கு நாலு கால், காலணி ரெண்டு, கீழே விழுந்தேன், எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை. காலணியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். பிறகு எண்ணினார். ஒன்று குறைகிறது." அவள் அந்த அட்டையை ஒட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அன்று மதியமே எல்லாக் குடும்பங்களையும் வரவழைத்து, அலமாரியைத் திறந்து, பட்டியலை மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்திருந்தாள். ஒன்பது, பத்தாம் இருக்கைகளின் மகன் ஒரு பல் மருத்துவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். பெயரை அடித்தால் வண்டி வருமா, இல்லை அட்டையும் நின்றுபோகுமா என்று யாருக்குத் தெரியும் என்றார். அப்பாவும் அம்மாவும் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்று மாதத்துக்கு ஒரு வரி வருகிறது, தனக்கு அது போதும், இருப்பதையும் கெடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சினார். பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். ஐந்தாம் இருக்கையின் தாய் ஒரு தையற்காரி. அவள் கழுத்தில் அளவு நாடா தொங்க அப்படியே எழுந்து வந்திருந்தாள். எல்லோரும் பேசி ஓயும்வரை காத்திருந்தாள்.

"நீ அடிம்மா," என்றாள். "வந்தா வரட்டும். வரலேன்னா ஒரேயடியா அழுது முடிச்சுடறேன். ஒம்பது வருஷமா பாதி அழுகையோட மிஷின் மிதிக்கறேன், கால் வலிக்குது."

"அவர் தப்பா நெனச்சுப்பாரே," என்றாள் பட்டியலக்கா, வெகு மெதுவாக.

"நெனச்சா என்ன? நேர்ல வந்து சண்டை போடட்டும். அதுக்காவது வரட்டும்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, எல்லோரும் பார்க்க, அவள் சிவப்புப் பென்சிலைச் சீவி, பதினேழாம் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தாள். போன் செய்ய விடுதி எதுவும் இல்லை, அதனால் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். பதினொன்று நாற்பதுக்குப் பேருந்து வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு, பக்கவாட்டுக் கழுதைமேல் சேறு தெறித்து, காலைப் பயணம் முடிந்து வரும் எந்த வண்டியையும்போல வந்து நின்றது. இருபத்தோரு பேரும் போன நாளின் உடையிலேயே இறங்கினார்கள். சிலர் கால் மரத்துவிட்டது என்றார்கள். நாலாம் இருக்கைக்காரர் தொப்பிக்கு அலுவலகம் பொறுப்பேற்குமா என்று விசாரித்தார். பல் மருத்துவரின் அப்பா, நரைத்த தலையோடு நின்ற மகனைப் பார்த்து, நீங்கள் யார் என்று தெரியவில்லையே என்று மரியாதையாகக் கேட்டார். தையற்காரியின் மூத்த மகளுக்கு இன்னும் இருபத்து மூன்று வயது, நகப்பூச்சுகூட உரியவில்லை. அவளை அழைக்க வந்த தங்கைக்கு இருபத்தொன்பது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, ஒருவரையொருவர் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது.

பட்டியலக்கா படிக்கட்டின் பக்கத்தில் நின்று, இறங்கியவர்களை எண்ணினாள். இருபத்தொன்று. பட்டியலோடு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. முன்கண்ணாடி ஓரத்தில் கழுதை இல்லை, கட்டியிருந்த நாடா மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கடைசியாக இறங்கி, கதவைச் சாத்தி, அவள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு பேசினார். காலையில் வழிகாட்டி எண்ணும்போது அவர் பட்டியலில் தானாகவே ஒரு சிவப்புக் கோடு விழுந்ததாம். எண்ணிக்கை சேர்ந்துவிட்டதாம். வண்டியை எடுக்கச் சொன்னாராம்.

"அப்புறம் அவரு மட்டும் எறங்கிட்டாருங்க. பச்சைப் பையை எடுத்துக்கிட்டாரு, கழுதையையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு. அண்ணே, அவங்க பேர் பட்டியல்லயே இல்லையேன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"பேப்பர்ல இல்லேன்னா என்னப்பா, வரேன்னு சொன்னா இல்லன்னாரு."

மறுநாள் அட்டை வந்தது. கழுதையார் இப்போது நடந்து போவதாகவும், இந்த வழிகாட்டிக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை என்றும், தன்னைச் சுமக்கச் சொன்னால் கோபப்படுகிறார் என்றும், உங்கள் சுமை எங்கள் முதுகில் என்று எழுதியவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அவள் அதைக் கண்ணாடியில் ஒட்டினாள். பிறகு முதலாளியின் அறைக்குப் போனாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய விடுப்புக் கடிதத்தை அவர் மேஜை இழுப்பறையிலேயே வைத்திருந்தார். தேதியை அடித்துத் திருத்தி மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, கார்பன் வைத்து, பதினேழாம் இருக்கை என்று ஒரே ஒரு வரி தட்டச்சு செய்தாள். ஒரு பிரதியை அலமாரியில் வைத்தாள், இன்னொன்றை மடித்துக் கைப்பையில் போட்டாள். சிவப்புப் பென்சிலைத் தையற்காரியிடம் கொடுத்துவிட்டாள், துணியில் குறி போட உதவும் என்று. காலைப் பேருந்தில் ஏறினாள். எங்கே என்று நடத்துநர் கேட்டதற்கு, போகிறவரைக்கும் ஒன்று கொடுங்கள் என்றாளாம். ஏழாவது வளைவில் டீ குடித்தாள். எட்டாவது வளைவில் அந்தப் பேருந்து நேரத்துக்கு வந்து சேர்ந்தது, எல்லோரும் இருந்தார்கள், ஜன்னலோர இருக்கை ஒன்று மட்டும் காலியாக, சூடாக இருந்தது.

நாலு மாதம் அட்டை எதுவும் வரவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அதே பெரிய எழுத்தில் ஒன்று வந்தது: "கழுதையார் எழுதிக்கொண்டது. காலணி இத்தனை வருடத்தில் கடினமாகிவிட்டது, கடிக்கிறது, அதனால் மெதுவாகத்தான் நடக்கிறோம். அம்மாள் கடலைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்றார்கள். எனக்கு வாயில் துண்டு கட்டியிருக்கிறது, யாருடைய தொப்பி என்று சொல்லமாட்டேன். வழிகாட்டி அறையைப் பூட்டும் முன் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு. சரியாக இருக்கிறது. அதனால் அடுத்த ஊருக்குப் போகிறோம்." அவள் இடத்துக்குப் புதிதாக வந்த பெண் அதை வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை வண்டிக்கான பட்டியலில் பதினாறுக்குப் பிறகு ஒரு வரி இடம் விட்டு, பதினெட்டாம் பெயரைத் தட்டச்சு செய்தாள்.